கூடை காலியாகும் நேரம்

ஆடி பிறந்தால் பழைய நகைச்சுவை ஒன்றும் கூடவே பிறந்துவிடுகிறது. பீரோ நிறையச் சேலை இருந்தும் தள்ளுபடிக் கூட்டத்தில் முண்டியடிக்கும் மனைவி, பைகளைச் சுமந்துகொண்டு கடைவாசலில் காத்துக்கிடக்கும் கணவன். பட்டிமன்ற மேடையிலிருந்து கைப்பேசித் துணுக்குவரை இதே இரண்டு பேர்தான். இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு தீர்ப்பு இருக்கிறது: பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது, பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதினால் ஓடிவருவாள். 'கடையைக் காலி செய்கிறோம், அனைத்தும் பாதி விலை' என்று எழுதிவிட்டால் இன்னும் வேகமாக ஓடிவருவாள்.

எங்கள் ஊரில் நான் பார்த்து வளர்ந்த பெண்கள் அப்படி இல்லை. பூரணாங்குப்பத்தில் விலை என்பது பெண்களின் ஞாபகத்தில் இருந்தது. எந்தத் தீபாவளிக்கு எடுத்த பாவாடைத் துணி மீட்டர் என்ன விலை, அதே துணி பொங்கலுக்கு எவ்வளவு, தவளக்குப்பத்துக் கடைக்கும் புதுச்சேரி நேரு வீதிக் கடைக்கும் எத்தனை ரூபாய் வித்தியாசம், அதில் பஸ் காசு போனால் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் என் அம்மாவுக்கு விரல்நுனியில் நிற்கும். கைக்கு வரும் பணம் அவர் சம்பாதித்ததாக எண்ணப்படவில்லை. ஆனால் அது போதாமல் போனால் பழி மட்டும் அவருக்குத்தான். அதனால் வந்த ஞாபகம் அது. அதை உழைப்பு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, 'கஞ்சத்தனம்' என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், கடை மூடும் விற்பனையில் கிடைப்பது உண்மையான மலிவா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்த மிக நேர்மையான 'காலி செய்யும் விற்பனை' தினமும் சாயங்காலம் நடந்தது. நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா காலையில் சங்கராவைக் கூறு போட்டு ஒரு விலை சொல்வார். வெயில் ஏறினால் ஒரு விலை. பொழுது சாயும்போது கூடையை இறக்கி, "எம்மா, இந்தக் கடைசிக் கூறையும் எடுத்துக்கிட்டா நான் கூடையக் கவுத்துட்டுப் போயிடுவேன்" என்பார். விலை பாதியாகியிருக்கும். அந்தப் பாதிக்குக் காரணம் எங்கள் கண்முன்னே இருந்தது. ஐஸ் கரைந்திருந்தது, மீனின் கண் மங்கத் தொடங்கியிருந்தது, அவர் வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். காலை விலை இரண்டு பேருக்குமே தெரியும். குறைந்த தொகை யாருடைய கூலியிலிருந்து குறைந்தது என்பதும் தெரியும். சில நாள் அம்மா பேரம் பேசாமலே சொன்ன விலையைக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

விலை ஏன் குறைகிறது, எதிலிருந்து குறைகிறது, குறைந்ததை யார் சுமக்கிறார்? துணிக்கடைப் பலகையின் முன் நின்று இந்த மூன்றையும் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு முன்பு கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம், தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும். தங்கிப்போனதைக் கழித்துக் கட்டினார்கள். இன்று ஆடிக்கென்றே சரக்கு வருகிறது. காரணம் போய்விட்டது, பலகை நிற்கிறது. 'கடை மூடப்படுகிறது' என்ற பலகைக்கும் இதே கதிதான். புதுச்சேரியில் நான் வாரந்தோறும் கடந்துபோகும் ஒரு கடை மூன்று ஆண்டுகளாக 'இன்னும் சில நாட்களே' மூடிக்கொண்டிருக்கிறது. பேனர் வெளுத்துப்போய், புதிதாக ஒன்று அச்சடித்துக் கட்டிவிட்டார்கள்.

எதிலிருந்து குறைகிறது என்ற இரண்டாவது கேள்விக்கு என் மாணவி ஒருத்தி பதில் சொன்னாள். விடுமுறையில் துணிக்கடையில் வேலை பார்த்தவள். விற்பனை தொடங்குவதற்கு முந்தைய வாரம் இரவு ஒன்பதுக்கு மேல் பெண்களை நிறுத்திவைத்துப் பழைய விலைச்சீட்டைக் கிழித்துப் புதுச்சீட்டு ஒட்டச் சொன்னார்களாம். 700 ரூபாய்ச் சேலை 1,400 ஆனது, மறுவாரம் 'பாதி விலை'யில் 700க்கே விற்றது. "ஒட்டுனதும் நாங்கதான் மேடம், 'இவ்ளோ கம்மியா'ன்னு கஸ்டமர்கிட்ட சொன்னதும் நாங்கதான்" என்றாள். ஒரு பெண்ணின் விலை ஞாபகத்தை அழிக்க இன்னொரு பெண்ணின் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சேலையின் மேலிருக்கும் விலைச்சீட்டு பெரும்பாலும் கடையே ஒட்டுவது. அதில் எவ்வளவு கழித்தார்கள் என்பதற்கு, நேற்று அது என்ன விலை என்று தெரியாதவரை அர்த்தமே இல்லை.

உண்மையாகவே மூடும் கடை என்றால்? அங்கேயும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பெரிய கடைகள் திவாலாகும்போது, இருப்பை விற்றுத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள்ளே வருகின்றன. முதல் வாரத்தில் சிறு கழிவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது அவர்கள் முறை. பெருங்கழிவு வரும் நாளில் நல்ல சரக்கு போயிருக்கும். 2023 ஏப்ரலில் 'பெட் பாத் அண்ட் பியாண்ட்' என்ற வீட்டுப்பொருள் கடை திவால் மனு போட்டு மூடல் விற்பனையைத் தொடங்கியபோது, வாடிக்கையாளர்கள் சேர்த்துவைத்திருந்த, அந்தக் கடையின் அடையாளமாகவே இருந்த 20 சதவீதக் கழிவுச்சீட்டுகள் செல்லாமல் போயின. சாதாரண நாளில் அந்தச் சீட்டோடு போனவர்களுக்குக் கிடைத்த கழிவு, மூடல் விற்பனையின் தொடக்க நாட்களில் எல்லாப் பொருளுக்கும் கிடைத்துவிடவில்லை. 2018இல் 'டாய்ஸ் ஆர் அஸ்' பொம்மைக் கடைகள் அங்கே மூடப்பட்டபோது 30,000க்கும் மேற்பட்டவர்கள் பணிமுடிவுத் தொகை இல்லாமல் வெளியே வந்தார்கள். கடைசி வாரம்வரை பொம்மைகளை அடுக்கி விற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பல மாதம் போராடிய பிறகு, அந்தக் கடையின் உரிமையில் பங்கு வைத்திருந்த இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2 கோடி டாலர் நிவாரண நிதி ஒதுக்கின. விலை குறைந்ததை யார் சுமந்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் பெரிய மூடல்கள் பலகை வைத்துக்கொண்டு வருவதில்லை. 2023 அக்டோபரில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் பூட்டப்பட்டபோது, நகைச் சேமிப்புத் திட்டங்களில் பணம் போட்டிருந்தவர்கள் கையில் அட்டையோடு மூடிய கதவின் முன் நின்றார்கள். அங்கே கழிவு விற்பனை எதுவும் இல்லை. 1898இல் தொடங்கிய புதுச்சேரி ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆன அந்தப் பெரிய ஆலை, 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஊரடங்கில் தெருவே காலியாகக் கிடந்த நாட்கள் அவை. மில் சம்பளத்தை நம்பிக் கடனுக்கு மளிகை வாங்கிய எத்தனையோ வீடுகளில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள்: முதலில் வளையல், பிறகு தோடு, பிறகு பித்தளைக் குடம். ஆலை மூடலின் கழிவு விற்பனை அந்த வீடுகளுக்குள் நடந்தது. மலிவாக வாங்கியவர் அடகுக்கடைக்காரர்.

தமிழ் படிப்பவளுக்கு இந்த இடத்தில் சிலம்பு ஞாபகம் வராமல் இருக்காது. மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்க மதுரைக்கு வந்த கோவலனும் நெருக்கடியில் விற்க வந்தவன்தான். விற்றே தீரவேண்டியவன் நிற்கும் சந்தையில் நியாய விலை கிடையாது என்பதை அந்தக் கதை ஓர் உயிரைக் கொடுத்துச் சொல்கிறது. அதனால்தான் 'மலிவாகக் கிடைத்தது' என்று யாராவது சொல்லும்போது, விற்றவரின் முகத்தையும் கேட்கத் தோன்றுகிறது.

நல்ல மூடலும் உண்டு. அரியாங்குப்பத்தில் எங்களுக்குப் பழக்கமான ஒரு சிறிய ரவிக்கைத் துணிக் கடையை அதன் உரிமையாளர் வயதாகி மூடினார். பலகை வைக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்களிடம் மட்டும் சொன்னார். கொள்முதல் விலைச்சீட்டைக் காட்டி, அந்த விலைக்கே கொடுத்தார். தீபாவளிச் சீட்டுக் கட்டியிருந்தவர்களுக்கு முதலில் பணத்தைத் திருப்பினார். அம்மா அன்று ஆறு ரவிக்கைத் துணி எடுத்தார், ஏழாவது வேண்டாம் என்று வைத்துவிட்டார். "கம்மியா கெடைக்குதுன்னு எடுத்தா, அது தையக்கூலிக்குக் காத்துக் கெடக்கும்" என்றார். அங்கே பதினைந்து ஆண்டு வேலை பார்த்த அக்காவுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். அவர் பிறகு நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனார். முதல் மாதம் கால் வீங்கிப்போனதைக் காட்டினார். பழைய கடையில் அவருக்கு ஒரு முக்காலி இருந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் 2018இல் கேரளம் திருத்தியது, அதுவும் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதால்.

வாங்குகிறவள் பக்கமும் சட்டம் கொஞ்சம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கொடுக்கும் எண்ணமில்லாத சலுகை விலையை விளம்பரம் செய்வதை நேர்மையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அதில் சேரும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாள் வரை அவகாசம். வரி உட்பட என்று அச்சிட்ட அதிகபட்ச விலையில் கழிவு கொடுத்துவிட்டு, அதன்மேல் தனியாக வரி வாங்குவதும் தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இல் சொன்னது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் உண்மையாகவே மூடிப்போன கடையிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது? கடை மூடும் விற்பனையில் நாம் வாங்காமல் விடுவது நாளையைத்தான். சாயம் போனால் காட்ட ஆள் இல்லை, மிக்சி நின்றால் கேட்க இடம் இல்லை. அந்த நாளைக்கும் ஒரு விலை போட்டுக் கழித்துப் பார்த்தால்தான் பாதி விலை உண்மையில் எவ்வளவு என்று தெரியும். பாத்திரம், புத்தகம், வெள்ளைத்துணி போன்றவை இந்தக் கணக்கில் தேறும். மின்சாரப் பொருளும் முன்பணம் கட்டுவதும் தேறாது.

என் வகுப்பு மாணவிகளிடம் ஒரு சின்னப் பழக்கத்தைச் சொல்லிவருகிறேன். ஆடிக்கு ஒரு மாதம் முன்பே, வேண்டிய பொருளின் விலையை நோட்டில் எழுதிவையுங்கள். அம்மாக்கள் மனதில் வைத்திருந்ததைத்தான் எழுதச் சொல்கிறேன், வேறொன்றும் புதிதில்லை. இன்னொன்றும் சொல்வேன். 'கடை மூடப்படுகிறது' என்ற பலகையைக் கண்டால் துணி எடுத்துப் போடும் பெண்ணிடம், "அடுத்த மாசம் எங்க வேலைக்குப் போவீங்க?" என்று கேளுங்கள். மூடுவது உண்மையென்றால் அவள் அதையேதான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள். பேனர் மாற்றிய அந்தக் கடையில் நானும் கேட்டேன். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இங்கதான்க்கா. வேற எங்க போறது?" என்றாள்.