கடைமடை

காவிரிப் பாசனத்தில் 'கடைமடை' என்றொரு சொல் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவன் கண்ணுக்கு நீர் நிறைந்து தோன்றும். கடைசி வயலுக்கு உரியவனோ வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்து நிற்பான். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்ற 1934ஆம் ஆண்டையொட்டி உருவான கல்லணைக் கால்வாயின் கடைமடை, பட்டுக்கோட்டை வட்டாரத்து வயல்கள். பாக் நீரிணையின் கரையிலுள்ள அதிராம்பட்டினத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர், அத்தகைய வயலில் உழைத்து மூத்தவர்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. பத்தாம் வகுப்பில் பயின்ற பேத்திக்காக, நெல் விற்ற பணத்தில் முதியவர் வீட்டிற்கு இணையம் வாங்கினார். 'நொடிக்கு 100 மெகாபிட் வரை' என்றது விளம்பரத்தாள். ஆயினும், பின்கட்டில் அவள் பாடம் கேட்க அமர்ந்தால் ஆசிரியர் உருவம் அசையாது நின்றுவிடும்; கணக்கில் பாதி வரும், மீதி வாராது.

"தாத்தா, ஏமாந்துபோனோம். உங்கள் பணமும் வீண், என் படிப்பும் வீண்" என்று அவள் கண் கலங்கினாள்.

முதியவர் தாளை வாங்கிப் படித்தார். "இதில் 'வரை' என்றொரு சொல் இருக்கிறதே, பார்த்தாயா அம்மா? மதகில் திறக்கும் நீர் வேறு; நம் வயலில் பாயும் நீர் வேறு. இடையில் நீர் எங்கே போகிறது என்று முதலில் பார்" என்றார்.

அவள் பார்க்கத் தொடங்கினாள். வைஃபை பெட்டியின் அருகே வேகம் மிகுந்தது; ஒரு சுவர் கடந்ததும் குறைந்தது; இரும்பு அலமாரிக்கு அப்பால் மிகவும் தளர்ந்தது. காரணங்களைத் தேடிப் படித்தாள். ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் கருவிகள் முறைநீர் போல ஒன்றன்பின் ஒன்றாகவே பேச வேண்டும். அண்டை வீட்டுப் பெட்டியும் அதே அலைவரிசையில் பேசினால் காத்திருப்பு மிகும். செய்தியோடு முகவரியும், சேர்ந்தமைக்கான ஒப்புகையும் செல்வதால், அவற்றிற்கும் நேரம் கழியும். 1999ஆம் ஆண்டில் வந்த வைஃபை முறையொன்று 11 மெகாபிட் எனப் பெயர் பெற்றும், கைக்கு எட்டியது ஏறத்தாழப் பாதியே. இரைச்சல் மிகுந்தால் செய்தி செல்லும் அளவு குறையும் என்பதை 1948ஆம் ஆண்டிலேயே கிளாட் ஷானன் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். மேலும், 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆதலின் 100 மெகாபிட் முழுமையாக வந்தாலும் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே இறங்கும்.

பெட்டி அலமாரியின் மூலையிலிருந்து நடுக்கூடத்திற்கு வந்தது. பாட வேளையில் பிற கைப்பேசிகள் ஓய்ந்தன.

"நூறு வரவில்லை தாத்தா, ஆனால் பாடம் தடையின்றி வருகிறது" என்றாள் பேத்தி.

"பயிர் வாடாத அளவு நீர் வந்தால் போதும். ஆயினும், நமக்குரிய பங்கே குறைந்தால் கேட்கத் தயங்காதே, கேட்குமுன் அளந்து பார்" என்றார் முதியவர்.

அளந்து அறிந்தவன் ஏமாறுவதும் அரிது. பிறரை வீணே பழிப்பதும் அரிது.