வெள்ளைச் சட்டைக்கும் கருத்த முகத்துக்கும் ஒரே மரியாதை

கருத்த மேனியர் ஒருவர் வெள்ளைவெளேரென்று உடுத்திக்கொண்டு கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தால், உருவப்படம் எடுப்பவனின் கைத்திறம் அங்கே தெரிந்துவிடும். சட்டையின் மடிப்பும் விழ வேண்டும், கன்னத்தின் பளபளப்பும் விழ வேண்டும். கேமராவின் மீட்டரோ பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். வெள்ளைத் துணி படத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், முகம் இருண்டுபோகும். முகத்துக்காகக் கூட்டினால் தையலும் மடிப்பும் வெளுத்து மறையும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்றுதான் கருவி நம்மை இழுக்கும். விட்டுக்கொடுக்காதவர்களின் படங்களைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுவருகிறேன். அவர்களில் எனக்கு முதல்வர், மாலி நாட்டின் சேய்டு கெய்ட்டா.

1959-ல் அவர் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. வெள்ளை கோட்டு, டை, தடித்த சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, மேல் பாக்கெட்டில் கைக்குட்டையும் பேனாவுமாக இளைஞர் ஒருவர் ஒற்றைப் பூவை நம்மிடம் நீட்டுவதுபோலப் பிடித்திருக்கிறார். கோட்டின் விளிம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. முகமோ கருமை குறையாமல், நெற்றியும் கன்னமும் ஒளிர நிற்கிறது.

பமாகோ நகரில் 1948-ல் ஸ்டுடியோ திறந்தவர் கெய்ட்டா. முற்றத்துப் பகல் வெளிச்சத்தில்தான் பெரும்பாலும் எடுத்தார். கருத்த தோலின் வடிவத்தை நிழலைவிட மினுக்கம்தான் அதிகம் சொல்லும். சின்ன விளக்கைக் கிட்டே வைத்து அடித்தால் நெற்றியில் வெள்ளைப் பொட்டாகக் கூசும். திறந்த வானம்போல அகன்ற வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால், கன்ன எலும்பின் மேல் அந்த மினுக்கம் நீளமாக, மெதுவாக வழியும். எங்கள் ஊர் முகங்களுக்கும் இதே கணக்குதான். ஜன்னலோரம் ஆளை உட்காரவைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைக் காண்கிறேன்.

கெய்ட்டா பயன்படுத்திய 13×18 செ.மீ. நெகட்டிவ் விலை கூடியது. அதனால் ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான். தோள் எவ்வளவு திரும்ப வேண்டும், விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஷட்டரைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். பின்னால் தொங்கவிட முதலில் அவருக்குக் கிடைத்தது தன் வீட்டுப் படுக்கை விரிப்பு. பூவேலை செய்த அந்த விரிப்பின் முன் பூப்போட்ட அங்கி அணிந்த பெண்கள் வந்து அமர்ந்தார்கள். பூவோடு பூ கலந்து துணி முழுக்க அசையும்போது, கோலமே இல்லாத ஒரே இடமாக முகம் அமைதியாக நிற்கிறது. கண் தானாக அங்கே போய்ச் சேர்கிறது. நகையும் கைவிரலும் தெரியும்படி அங்கியை விரித்துவிடுவதிலும் அவருக்குத் தனிக் கவனம் இருந்தது.

கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, ஐரோப்பிய கோட்டு சூட்டு என்று வேண்டுபவர்களுக்குக் கொடுக்க ஸ்டுடியோவிலேயே வைத்திருந்தார். இரவல் பகட்டுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிரிக்க மக்களைக் குலவகை மாதிரிகளாக நிறுத்திப் படமெடுத்துப் பழகியது காலனிய ஆட்சி. பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்த ஊரில், கெய்ட்டாவிடம் வந்தவர்கள் தாமாக வந்தார்கள், காசு கொடுத்தார்கள், உடுப்பைத் தாமே தேர்ந்தார்கள், படத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் இப்படித்தான் அறியப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்தக் கோட்டில் இருந்தது. மாலி 1960-ல் விடுதலை பெற்றது. அதே பமாகோவில் அடுத்த தலைமுறையின் மாலிக் சிடிபே, விடுதலைக் காலத்து இளைஞர்களின் நடனத்தையும் மிடுக்கையும் படமாக்கினார். 2007-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவரே.

கடலுக்கு அப்பால் நியூயார்க்கின் ஹார்லெமிலும் இதே பிடிவாதம் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய 1932-ல், ரக்கூன் தோல் கோட்டு அணிந்த ஒரு தம்பதியைப் பளபளக்கும் காடிலாக் காரோடு எடுத்தார் ஜேம்ஸ் வான் டெர் ஸீ. அதே ஹார்லெமில் 1962 ஜனவரி 28-ல் புகைப்படக்காரர் குவாமே பிராத்வெய்ட்டும் நண்பர்களும் ஓர் அலங்கார அணிவகுப்பு நடத்தினார்கள். கிராண்டஸா மாடல்கள் என்று பெயர் பெற்ற அந்தப் பெண்கள் கூந்தலை நேராக்காமல், இயல்பான சுருள்முடியோடு, ஆப்பிரிக்கப் பாணி உடையில் நடந்தார்கள். கறுப்பே அழகு என்ற முழக்கம் ஊரெங்கும் பரவ பிராத்வெய்ட்டின் படங்கள் பெரிதும் உதவின.

அந்தப் பெண்களை அவர் வண்ணத்திலும் எடுத்தார். அந்தக் காலத்து வண்ண ஃபிலிமைக் கையாண்டவர்களுக்கு அப்படி எடுத்ததன் அருமை தெரியும். லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கொடுத்த ஷெர்லி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவளுக்குச் சரியாக வந்தால் நிறம் சரி. மரச்சாமான், சாக்லேட் தயாரிப்பாளர்கள் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று குறை சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்துவதில் வேகம் வந்தது. அத்தனை காலமும் கறுப்பின மக்கள் அடைந்த ஏமாற்றம் ஒரு மேசையின் நிறத்துக்குக் கிடைத்த கவனத்தைக்கூடப் பெறவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஓவியத்தில் இந்தக் கணக்கை யாரைவிடவும் துணிவாகப் போட்டவர் பார்க்லி ஹென்ட்ரிக்ஸ். கேமராவைக் கையோடு வைத்திருந்து, உடுப்பின் மிடுக்கால் கண்ணை இழுத்தவர்களைப் படமெடுத்து, பிறகு ஆளுயரத்தில் வரைந்தார். 1976-ல் வரைந்த ‘ஸ்டீவ்’ ஓவியத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை மழைக்கோட்டு அணிந்த ஒருவர் நிற்கிறார். பின்னணிக்கு மினுக்கமற்ற அக்ரிலிக், ஆளுக்கு எண்ணெய் வண்ணம். வெள்ளையோடு வெள்ளை சேரும் இடத்தில் கோட்டைக் காட்டுவது நிழலின் மெல்லிய சாயல் மட்டும்தான். அத்தனை வெண்மைக்கு நடுவே முகம் படத்தை ஆள்கிறது. மீட்டர் எதைப் பார்த்துத் தடுமாறுமோ, அதையே அவர் படத்தின் பலமாக்கிவிட்டார்.

அமெரிக்க வோக்கின் 2018 செப்டம்பர் இதழின் அட்டைக்குப் பாடகி பியான்ஸேயைப் படமெடுத்தார் டைலர் மிட்செல். நூற்றாண்டு கடந்த அந்த இதழின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினக் கலைஞர் எடுத்தது அதுவே முதல் முறை. 2025-ல் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் கறுப்பின மக்களின் தையல் நேர்த்திக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. தாமதமாக வந்த மரியாதைகள் இவை. பமாகோவின் முற்றத்திலும் ஹார்லெம் தெருவிலும் அந்த மரியாதை முன்பே செய்யப்பட்டுவிட்டது.

ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் பலர், “அண்ணே, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க” என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. கருமை அழகாக விழுந்த படத்தை யாரும் அவர்களுக்கு எடுத்துக்கொடுத்ததில்லை. ஆகவே தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வந்தவர் எதை ஆசையாக உடுத்தி வந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். வெளிச்சத்தை அவர் முகத்துக்குக் கணக்கிட்டு, துணியை அதற்குள் காப்பாற்றுங்கள். டச்சிங்கில் நிறத்தைத் தொடாதீர்கள். ஒருவரின் அழகைக் கொண்டாடுவது அந்த எக்ஸ்போஷரிலேயே தொடங்கிவிடுகிறது.