தாமோதர நதிக்கரையில்

வங்காளத்து அஸன்ஸோல் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே சென்றால், பராகர் நதியின்மேல் மைதோன் அணைக்கட்டு நிற்கிறது. அன்னையின் இருப்பிடம் என்பது அப்பெயரின் பொருளாம். அருகே கல்யாணேசுவரி கோயில் கொண்டிருக்கிறாள். தெற்கே பாஞ்சேத்தில் தாமோதர நதியையே மறித்திருக்கிறார்கள். ‘வங்காளத்தின் துயரம்’ என்று பிள்ளைகளை நெட்டுருப் போடச் செய்யும் நமக்கு, அந்நதி பரம சாதுவாகவே தென்பட்டது.

1943-இல் அது கரையை உடைத்து, ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் துண்டித்தது. அதன் பின்னர், அமெரிக்க டென்னஸி பள்ளத்தாக்கின் மாதிரியில், மலை, காடு, வயல், நதி யாவற்றையும் ஒரே குடும்பமாகக் கருதித் திட்டம் வகுத்தார் வூர்டுயின் என்னும் நிபுணர். வினாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளத்தை இரண்டரை லட்சமாக அடக்குவது அவர் கணக்கு. 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. ஆனால் 1959-க்குள் எழுந்தவை திலையா, கோனார், மைதோன், பாஞ்சேத் ஆகிய நான்கு அணைகளே.

சோட்டா நாகபுரி மேடுகளில் மரம் குறைந்த இடமெல்லாம் மழை செம்மண்ணை அரித்து வந்து நீர்த்தேக்கத்தில் கொட்டுகிறது. ஹஸாரிபாகில் வரப்பிட்டும் மரம் நட்டும் கார்ப்பொரேஷனார் பாடுபட்டும், எதிர்பார்த்ததைவிட விரைவாகவே வண்டல் படிந்தது. போதாக்குறைக்கு, முழு உயரத்துக்கு நீர் தேக்க வேண்டிய நிலமும் கைக்கு வரவில்லை. பெருமழையில் மதகைத் திறந்தால், கீழே ஹௌரா, ஹூக்ளி ஜில்லாக்களின் வயல்கள் மூழ்குகின்றன.

மேலே கிராமங்களை ஏரிக்குக் கொடுத்தவர்கள் சந்தால் முதலிய குடிகள். 1959 டிசம்பரில் பாஞ்சேத் அணையைத் திறக்க வந்த நேருஜி, அங்கே கூலி வேலை செய்த புத்னி என்னும் சந்தால் சிறுமியைக் கொண்டே விசையை அழுத்தச் செய்தார். அன்றைய மாலை மரியாதையைக் கலியாணமென்று கொண்டு, அவள் சமூகத்தார் அவளை விலக்கி வைத்தனர். அவள் காலமானது 2023-இல்.