வேட்டை போயிற்று, கத்தி இருக்கிறது

பாலக்காட்டில் தொடங்கிக் குமுளி வரை எல்லையோரம் பயணம் செய்தால் நல்ல கத்தி எது, அதற்கு நியாயமான விலை எது என்று தெரிந்துகொள்ளலாம். காட்டின் கதையும் கூடவே வருகிறது.

மூணாறு, குமுளி போன்ற சுற்றுலா ஊர்களின் கடைத்தெருவில் ஏலக்காய், வீட்டில் செய்த சாக்லெட், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் கிடைக்கும். எங்காவது ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தியும் பளபளக்கும். முதுகில் ரம்பப் பல், பிடியில் சிங்கத் தலை, இடுப்பில் மாட்ட ஓர் உறை. வேட்டைக் கத்தி என்று சொல்லி விற்பார்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் கோழிகூட அறுத்திராதவர். ஊர் திரும்பி ஒரு தேங்காயை வெட்டிப் பார்க்கும் அன்று வாய் மடங்கும், அல்லது பிடி கழன்று கையோடு வரும்.

வேலை செய்கிற கத்தி கண்ணாடிப் பெட்டியில் இருப்பதில்லை. கொல்லன் பட்டறையில், சுவரில் அடித்த ஆணியில், கறுத்துப்போய்த் தொங்கும். அதைத் தேடிப் போக நல்ல வழி ஒன்று உண்டு. பாலக்காட்டில் ஆரம்பித்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர், மூணாறு, பூப்பாறை என்று மலையேறிக் குமுளியில் முடிகிற வழி. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் அதே ஆண்டு கேரளத்தோடு நின்றுவிட்டன. அதனால் இந்தப் பாதையில் தமிழ் எந்தச் சாவடியிலும் நின்றுவிடுவதில்லை. கத்தியின் பெயர்தான் மாறுகிறது. கொங்குப் பக்கம் கொடுவாள். பாலக்காட்டில் வெட்டுக்கத்தி. இடுக்கி மலையில் வாக்கத்தி. கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் அரிவாள்.

கள்ளும் கூரும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். காற்று, மழை, வியாபாரம் எல்லாம் இதன் வழியேதான் வந்துபோயின. இரும்புக்கும் இந்த வழியில் பழைய சரித்திரம் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வு, இரும்பும் உருக்கும் செய்த உலைகளை வெளிக்கொண்டு வந்தது. கரூரையும் மேற்குக் கடற்கரையின் முசிறியையும் இணைத்த வணிகவழி அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு இந்தக் கணவாயைத் தாண்டியது.

கணவாயின் கிழக்கு வாசலில் சித்தூர் தாலுகா. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. கோபாலபுரம் சாவடியைத் தாண்டினால் அதே தென்னை சட்டப்படி கள் தருகிறது. நல்ல கத்தி என்றால் என்ன என்ற முதல் பாடத்தை இந்தத் தோப்புகளில் கற்கலாம். கள் இறக்குகிறவர் பாளையின் நுனியைத் தினமும் வெற்றிலை கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி சற்று மழுங்கியிருந்தாலும் பாளை நசுங்கும். நசுங்கினால் கள் ஊறாது. ஆகவே அவர் கத்தியைக் கல்லில் மட்டும் தீட்டுவதில்லை. வெங்கச்சங்கல்லைப் பொடி செய்து பலகையில் தூவி, அதில் தேய்த்து வாயை வழவழப்பாக்குகிறார். அகலமான அந்தக் கத்தி வேறு வேலைக்குப் போவதில்லை. விறகு வெட்டக் கேட்டால் கொடுக்கமாட்டார்.

ஒரு கத்திக்கு ஒரு வேலை. பட்டறைக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்: எதற்கு? எல்லாவற்றுக்கும் என்று பதில் சொல்பவருக்கு எதற்கும் உதவாத கத்திதான் கிடைக்கும்.

சட்டத்தின் கண்ணில்

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை கடந்து அமராவதிப் பக்கம் திரும்பினால் காடு. தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம் முடிகிற இடத்தில் கேரளத்தின் சின்னார் சரணாலயம் தொடங்குகிறது. மழை மறைவுப் பகுதி என்பதால் முள்மரமும் கள்ளியுமாக வறண்ட காடு. வேட்டைக் கத்தி தேடுகிறவர் இங்கே ஒரு சங்கதியைத் தெரிந்துகொண்டாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். காட்டுக்கு என்று வாங்கிய கத்தியைக் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. எனவே மலையேற்றம் போகிற அன்று அது விடுதி அறையில் இருக்கட்டும். கத்தி வாங்குவதைப் பயணத்தின் கடைசிக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஆயுதச் சட்ட விதிகளும் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும், குத்துவாள் போன்றவற்றையும் அவை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு. தோட்டத்து வாக்கத்தி எவ்வளவு நீளமானாலும் கருவி. இருபுறமும் கூர் வைத்த குத்துக்கத்தி எவ்வளவு அழகானாலும் வம்பு. மான்கொம்புப் பிடி போட்டுத் தருவதாக யாராவது காதோடு சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மான் தானாக உதிர்த்த கொம்பானாலும் அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

மறையூரில் காட்சி மாறுகிறது. ஒரு பக்கம் வேலிக்குள் காவல் காக்கப்படும் சந்தன மரங்கள். மறுபக்கம் கரும்பு வயல். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இந்த வயல்களிலிருந்து வருகிறது. கரும்பை அடியோடு ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி பகலில் பிழைப்பு. அதே கத்தியோடு இரவில் சந்தனக் காட்டோரம் நடந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூணாறில் வேட்டைக்கே ஒரு காலம் இருந்தது. ஹைரேஞ்ச் கிளப்பின் சுவர்களில் அந்தக் காலத்துக் கொம்புத் தலைகள் இன்னும் மாட்டியிருக்கின்றன. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வரையாடு வேட்டைக்கு வைத்திருந்த இடம் இரவிகுளம். காவலர்களாக முதுவர்களை அமர்த்தினார்கள். 1971இல் அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1975இல் அது சரணாலயம். 1978இல் தேசியப் பூங்கா. வேட்டை போயிற்று. கத்தி போகவில்லை. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவாத்து செய்தாக வேண்டும். வெட்டு சாய்வாகவும் பிசிறில்லாமலும் விழ வேண்டும். கிளை பிளந்தால் அந்த இடத்தில் அழுகல் இறங்கும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவின் பெருமையாக இருந்தது இந்தக் கவாத்துக் கத்தி. இப்போது பல தோட்டங்களில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது.

நெருப்பைப் படித்தவர்

பூப்பாறையைத் தாண்டினால் ஏலக்காடு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் காலையில் ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. நிழல் மரத்தின் கிளை கழிக்க, புதர் நீக்க, பாம்பு இருக்கிறதா என்று சருகைக் கிளறிப் பார்க்க, எல்லாவற்றுக்கும் வாக்கத்திதான். இதை அடித்துத் தரும் பட்டறைகள் மலையிலும் உண்டு, கீழே அடிவார ஊர்களிலும் உண்டு.

இரும்பு பெரும்பாலும் லாரி அல்லது ஜீப்பின் பழைய ஸ்பிரிங் பட்டை. ஏளனமாக நினைக்க வேண்டாம். அது நல்ல உருக்கு. கரி ஏறக்குறைய அரை சதவீதமோ சற்று அதிகமோ இருக்கும். வளைந்தாலும் நிமிரும், கூரையும் தாங்கும். அதில் ஒரே ஆபத்து, பல வருடம் பாரம் சுமந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம் என்பது. அனுபவசாலி அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவார்.

சிரட்டைக் கரி உலையில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் குறட்டால் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டி போட, கத்தி உருவாகிறது. ஆனால் உருவம் பாதிதான். மிச்சப் பாதி தோய்ச்சல். செந்நிறமாகக் காய்ந்த வாயை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்குவதற்கு அந்தப் பெயர். வெப்பம் சுமார் 800 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் கிடையாது, நிறம்தான் கணக்கு. வெயிலில் அந்த நிறம் தெரியாது என்பதால்தான் பட்டறை எப்போதும் இருட்டாக இருக்கிறது. முக்கிய மாத்திரத்தில் வாய் கண்ணாடி போல் கடினமாகி, உடைந்துவிடும் நிலைக்கு வரும். மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்தினால் பதம். நீலம் வரை விட்டால் வாய்க்குத் தேவையான கடினம் போய்விடும். வாய் கடினம், முதுகு மென்மை: இந்த இரண்டும் சேர்ந்ததற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

வாங்குகிறவருக்குச் சில சோதனைகள் போதும். கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனி வரை பாருங்கள். வாயும் முதுகும் ஒரே கோட்டில் போக வேண்டும். விரலால் சுண்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும். சத்தம் மொத்தையாக இருந்தால் எங்கோ விரிசல். சிறிய அரம் ஒன்றை வாயில் இழுத்தால் அது வழுக்க வேண்டும். வெண்ணெயில் போல் இறங்கினால் தோய்ச்சல் போடவில்லை. சாணை பிடித்த வாயில் நீலத் திட்டு தெரிந்தால், மின்சாணையின் சூட்டில் அந்த இடம் பதம் இழந்துவிட்டது. முதுகு பிடியருகே கனத்து நுனி நோக்கி மெலிய வேண்டும். ஒரே கனத்தில் இருப்பது தகட்டை வெட்டி எடுத்தது. கடைசியாக, பிடிக்குள் போகும் வால். அது பிடியின் கோடி வரை ஓடி, பூண் போட்டு, மறுமுனையில் மடக்கி அடித்திருக்க வேண்டும். பாதியில் நின்ற வால் பட்டென்று போகும், கையையும் கொண்டுபோகும்.

சொல்லிச் செய்வதானால் இன்னும் சௌகரியம். தோட்டத்து வேலைக்கு 10 அங்குல வாய், கூடாரத்தில் காய் நறுக்கவும் கயிறு வெட்டவும் 4 அங்குலம் போதும். உங்கள் கை அகலத்தைக் காட்டுங்கள். பிடி அதற்கு ஏற்றபடி வரும். இடது கைக்காரர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஒருபுறம் மட்டும் சரிவு வைக்கிற கத்திகளில் எல்லாம் மாறும்.

விலை பேசுவது எப்படி

விலைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நல்ல கத்திக்கு இரண்டு பேரின் அரை நாள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் கூலியை விசாரித்து, பழைய இரும்பு, கரி, பிடி மரம் ஆகியவற்றைச் சேர்த்தால் அடக்க விலை வந்துவிடும். அதற்கு மேல் கைத்திறனுக்கு ஒரு பங்கு. இதைவிட வெகுவாகக் குறைத்துக் கொடுத்தால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டார் என்று அர்த்தம், பெரும்பாலும் தோய்ச்சலை. மும்மடங்கு சொன்னால் அலங்காரத்துக்குக் கேட்கிறார். நியாயமான விலையில் பேரம் பேசிப் பத்தைக் குறைப்பதைவிட, வாய் மழுங்கும்போது மறுபடி தோய்ச்சல் போட்டுத் தர ஒப்புக்கொள்ள வைப்பதில் லாபம் அதிகம். அந்த வார்த்தையைக் கொடுக்கத் தயங்குகிறவர் தன் வேலையையே நம்பவில்லை.

அந்த வார்த்தை நிறைவேறப் பட்டறை இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். புல்வெட்டும் இயந்திரமும் மின்ரம்பமும் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. தொழிற்சாலையில் அச்சடித்த கத்தி பாதி விலைக்குக் கிடைக்கிறது. உலையருகே நிற்கப் பிள்ளைகள் தயாரில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிறத்தைப் பார்த்து வெப்பம் சொல்லும் கண்ணைப் புத்தகத்தில் எழுதி வைக்க வழியில்லை. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும்.

காடு தெரிந்த கைகள் வீணாகாமல் காப்பாற்றிய உதாரணம் குமுளியிலேயே இருக்கிறது. பெரியார் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து வயணை மரத்தின் பட்டையை உரித்து விற்றுவந்த சிலரை 1990களின் பிற்பகுதியில் வனத்துறை தன் பக்கம் சேர்த்தது. அவர்களுக்கென்றே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகளாக, ரோந்து போகும் காவலர்களாக ஆனார்கள். அறிவு அதேதான், அதற்குக் கூலி கொடுக்கிற கை மாறியது.

கொல்லனுக்கு அரசுத் திட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேவை, வேலைக்கு ஒரு கத்தி கேட்டு, கேட்ட விலை நியாயமானால் அதைக் கொடுத்து, அடுத்த ஆண்டு மழுங்கிய வாயோடு மறுபடி வந்து நிற்கிற வாடிக்கையாளர். உலை தினமும் எரிய அப்படிப் பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால் போதும்.