நாளை வருகிறேன்

மறைக்கல்வி வகுப்பில் புனித தாமஸ் மூரைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். மனச்சான்றுக்கு ஒவ்வாத உறுதிமொழியை ஏற்க மறுத்து, 1535-இல் தம் தலையையே கொடுத்தவர் அவர்.

பல ஆண்டுகளுக்கு முன், அவ்வாறு பேசித் திரும்பிய ஒரு ஞாயிறன்று, தெருமுனையில் ஒரு மூதாட்டி என்னை நிறுத்தினார். "மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரணும், தம்பி" என்றார். எழுதப் படிக்க அறியாதவர். "நாளை வருகிறேன், பாட்டி" என்றேன். அந்த 'நாளை' ஒன்பது நாள்களாக நீண்டது. பத்தாம் நாள், அவரது அடக்கத் திருப்பலியில்தான் அந்த மகனைக் கண்டேன்.

"கடைசியாக அம்மா எனக்கு ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

ஆணையிடவே வேண்டாம் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்ததன் பொருள் (மத்தேயு 5:33-37) அன்றுதான் எனக்கு விளங்கிற்று. தெருமுனையில் சொன்ன 'ஆம்' கூட அவர் திருமுன் சொன்னதே. இன்றும் 'நாளை' என்னுமுன் என் நா தயங்குகிறது. அத்தயக்கத்திற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறேன்.