உள்ளது உள்ளபடி

அத்தா வஃபாத்தானபோது எங்களுக்குப் பங்கிடுவதற்கென்று அதிகம் விட்டுச் செல்லவில்லை. தலைச்சோலையில் ஓட்டு வீடு, அதனைச் சுற்றிச் சில்வர் ஓக் நிழலில் கொஞ்சம் காப்பிச் செடிகள், வங்கியில் சிறு தொகை, கொட்டகையில் ஒரு பழைய ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார். கடன்களை அடைத்தபின், வீட்டையும் தோட்டத்தையும் அம்மாவின் காலம்வரை பிரிப்பதில்லை என்று எல்லாரும் மனமொப்பி முடிவு செய்தோம். காரை மட்டும் விற்பது என்றாயிற்று. விற்ற பணத்தில் எட்டில் ஒன்று அம்மாவுக்கு; மீதியை ஐந்தாக்கி ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, தங்கைக்கு ஒன்று. கணக்கு எளிது. அந்தக் கார்தான் எளிதாக இருக்கவில்லை.

இரண்டே பேர் அமரக்கூடிய, துணிக் கூரை போட்ட வண்டி அது. 1962இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. உருவம் தந்தவர் ஜொவானி மிகெலோட்டி என்னும் இத்தாலியர். அடிச்சட்டம் மட்டும் அதே நிறுவனத்தின் ஹெரால்டு காருடையதைக் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் உருவாக்கி விற்றது. எங்கள் ஸ்பிட்ஃபயர் சேர்வராயன் மலையில் இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்கு அந்தச் சொந்தமே காரணம். மலையைவிட்டுப் போன ஒரு தோட்டக்காரரிடமிருந்து வாங்கிய அத்தா, பழைய இரும்புக் கடைகளில் ஹெரால்டு உதிரிபாகங்களைத் தேடித் தேடிப் பொருத்தினார். அதன் பானெட் சக்கரக் கவசங்களோடு சேர்ந்து முழுவதுமாக முன்பக்கம் சாயும். அப்போது முன்சக்கர டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அத்தாவை அந்த டயரின்மேல்தான் பார்க்க முடியும்.

கடைசி இரண்டு ஆண்டுகளும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே நோயைத் தேடி. சேலத்திலிருந்து மலையேறும்போது வண்டி திடீரெனத் திக்கும். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இரண்டு மூன்று முறை வெட்டி இழுக்கும், வேகம் செத்துப்போகும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஒரு நாள் பத்து முறை வரும், பிறகு ஒரு மாதம் வராது. மெக்கானிக்கிடம் கொண்டுபோன நாளில் ஒருபோதும் வந்ததில்லை. "குதிரை முரண்டு பிடிக்குது" என்பார் அத்தா. காரணம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கோவையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களை நேசிப்பவர். ஏற்காடு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். கார் பட்டுப்போல் ஓடியது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை சொல்லி, ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னோம். மலையேறும்போது எப்படி என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டில் தொடங்கியது வாக்குவாதம். எங்களில் இளையவர் சொன்னார்: "பழைய வண்டி, உள்ளது உள்ளபடி என்று பத்திரத்தில் எழுதித்தான் விற்கிறோம். என்ன குறை என்று நமக்கே தெரியாதபோது எதைச் சொல்வது? குறை தெரிந்து மறைத்தால்தானே ஏமாற்று?" மூத்தவருக்கு உடனே மறுமொழி கிடைக்கவில்லை. இதில் தங்கையின் பங்கும் அம்மாவின் பங்கும் இருந்தன; விலை குறைந்தால் குறைவது எங்கள் பணம் மட்டுமன்று. இந்த நியாயம் கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததனாலேயே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மறுநாள் ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்க ஹனஃபி மத்ஹபில் இடம் உண்டு என்று அவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் அது வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமையைப் பற்றிய சட்டம். தெரிந்ததை மறைக்கத் தந்த அனுமதி அன்று என்றார். பிறகு மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நினைவூட்டினார். சிறுவயது முதல் ஜும்ஆக்களில் கேட்ட செய்திதான். அன்றுதான் ஒன்று உறைத்தது. தானியத்தை நனைத்தது மழை. வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை. மழை என்று அவர் சொன்னதை நபியவர்கள் மறுக்கவும் இல்லை. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவர்களின் கேள்வி.

எங்கள் வண்டி ஏன் திக்குகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. திக்குகிறது என்பது தெரியும். இரண்டையும் ஒன்றாக்கி "தெரியாது" என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தோம். ஆத்தூரிலிருந்த தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் துணி வியாபாரத்தை எடுத்தாள். பழுதுள்ள துணியைக் கூட்டாளி ஹஃப்ஸ் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட, வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாமல், அந்த வியாபாரத்தின் பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்ட வரலாறு. "நமக்கு வாங்குறவர் நம்பர் கையிலேயே இருக்கே, அண்ணே" என்றாள். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

சொன்னோம். அவர் மறுவாரமே வந்தார். திக்குவதைக் காட்டுவதற்காக அடிவாரம்வரை இறக்கி, மூத்தவர் ஓட்ட அவர் பக்கத்தில் அமர, திரும்ப ஏற்றினோம். இருபது கொண்டையூசி வளைவுகள். ஒன்றில்கூட வண்டி திக்கவில்லை. அத்தா உயிரோடிருந்தபோதுகூட அது அவ்வளவு ஒழுங்காக ஏறியதில்லை. மேலே வந்ததும் அவர் முகம் மாறியிருந்தது. "வேற யாராவது கூடக் கேட்டாங்களா, பாய்? நேராவே சொல்லலாமே" என்றார். விலையேற்ற நாங்கள் நாடகமாடுவதாக நினைத்துவிட்டார்! உண்மையைச் சொல்லிச் சந்தேகத்துக்கு ஆளாவோம் என்று நாங்கள் கனவிலும் எண்ணியதில்லை. இரண்டு வாரம் பொறுங்கள், இன்ஷா அல்லாஹ் காரணத்தைக் காட்டுகிறோம். இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

அதுவரை எல்லாரும் பெட்ரோலைத்தான் குற்றவாளி என்றிருந்தார்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், டேங்கின் அடியில் படிந்திருப்பதைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும் என்பது உண்மையே. எனவே அத்தா குழாய்களை மாற்றியிருந்தார், டேங்கைக் கழற்றிக் கழுவியிருந்தார். ஏற்றத்தில் சூடேறிக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியும் பார்த்திருந்தார். காற்றழுத்தம் குறைவதைச் சொன்னவர்களும் உண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காற்றழுத்தம் குறைவு. எஞ்சினின் பலமும் அதற்கேற்பக் குறையும். ஆனால் அது எல்லா நாளும் ஒரே அளவாகக் குறையுமே தவிர, நினைத்தபோது வந்து நினைத்தபோது போகாது.

சேலத்தில் ஹெரால்டு கார்களைப் பார்த்துப் பழகிய முதிய மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாய், அது மூச்சு வாங்கி நிக்குதா, இல்ல கழுத்தப் பிடிச்சாப்ல நிக்குதா?" பெட்ரோல் வராவிட்டால் எஞ்சின் மெல்லத் தளர்ந்து தளர்ந்து அடங்கும். மின்சாரம் அறுந்தால் சாவியைத் திருப்பியதுபோல் வெடுக்கென்று நிற்கும். எங்கள் வண்டி கழுத்தைப் பிடித்த வகை. அத்தாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அவர் காயிலுக்கு மின்சாரம் போகும் முனையிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு சிறு பல்பை டாஷ்போர்டில் கட்டித் தொங்கவிட்டார். வண்டி திக்கும்போது பல்பும் அணைந்தால் கோளாறு சாவியிலோ அங்கிருந்து வரும் ஒயரிலோ இருக்கிறது. அணையாவிட்டால் காயிலிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பல்பு எரிய எரிய நான்கு நாள் மலையேறி இறங்கினோம். நான்காம் நாள் பதினொன்றாவது வளைவைத் தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் வண்டி வெட்டி இழுத்தது. பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வண்டி கெட்டதற்காக நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அந்த ஒருமுறைதான்.

காயிலையும் கண்டன்சரையும் மாற்றிப் பார்த்தும் நோய் தீரவில்லை. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே பாயிண்ட் பொருத்திய ஒரு தட்டு. அது நிலையாக நிற்பதன்று. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது கார்புரேட்டரில் உண்டாகும் உறிஞ்சல், ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்தத் தட்டைச் சற்றுத் திருப்பும்; தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழும். முழுதாக மிதித்தால் உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். தட்டு திரும்பும் ஒவ்வொரு முறையும், பாயிண்டுக்குப் போகும் விரலளவு ஒயர் ஒன்று வளைந்து நிமிரும். ஏரியைச் சுற்றிச் சீராக ஓடும்போது தட்டு பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். கொண்டையூசி வளைவுகளில் மிதித்தும் விட்டும் ஏறும்போது ஓயாமல் ஆடும். மெக்கானிக் ஷெட்டில் வண்டி நின்றபடி உறுமும்போது அசையவே அசையாது.

மீட்டரை அந்த ஒயரின் இரு முனைகளிலும் வைத்து, பெரியவர் உறிஞ்சு குழாயை வாயில் வைத்து இழுத்தார். முதல் இரண்டு முறை முள் அசையவில்லை. மூன்றாம் முறை தட்டு திரும்பும் வழியில் முள் விழுந்து எழுந்தது. ஒயரை வெட்டியெடுத்து உறையைக் கீறிக் காட்டினார். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத உறைக்குள் செம்பு இழைகள் ஏறத்தாழ அனைத்தும் அறுந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. தொட்டுக்கொண்டிருந்த நாள்களில் வண்டி ஓடியது. கோவைக்காரர் வந்த இரண்டு நாள்களும் அப்படிப்பட்டவை போலும்.

அதே போன்ற மென்மையான ஒயரைப் பற்றவைத்தார். ஒயருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்; கூலி மட்டும் வாங்கினார். பத்து நாள் ஏறி இறங்கியும் திக்கல் வரவில்லை. வாங்குபவரை அழைத்து அறுந்த ஒயரைக் கையில் கொடுத்தோம். நீண்ட நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

சொல்லத் தொடங்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு தொல்லையாயிற்று. ஓட்டுநர் காலடியில் தகடு துருப்பிடித்திருந்தது, துணிக் கூரையில் ஒட்டுப் போட்டது, டிஸ்ட்ரிபியூட்டரே ஹெரால்டிலிருந்து வந்தது என்று மூத்தவர் எழுத எழுதப் பட்டியல் பதினொன்றுக்கு வந்துவிட்டது. "வண்டியை விற்கிறோமா, தவ்பா செய்கிறோமா?" என்று இளையவர் அலுத்துக்கொண்டார். ஆனால் பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி, அதன்கீழ் அந்தப் பதினொன்றையும் வரிசையாக எழுதியவர் அவரேதான். துருவுக்காக ஒரு தொகை குறைந்தது. மீதியை வாங்கிக்கொண்டோம்.

வண்டி இறங்கிப்போன மாலையில் பங்குகளைப் பிரித்தோம். அம்மா தம் எட்டில் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை; அப்படியே அலமாரியில் வைத்தார். பிறகு, அத்தா இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அந்த ஒயரை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.