ஹவானாவில் இரண்டு தாத்தாக்கள்

ஹவானா என்றால் எல்லோரும் சுருட்டைத் தேடுவார்கள். 2018-ல் கியூபா போன நான் தேடியது கார்!

நகரின் நடுவில் சென்ட்ரல் பார்க். அதன் ஓரமாகப் பழைய அமெரிக்கக் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ரோஸ் கலரில் ஒரு 1957 ஷெவர்லே பெல் ஏர். கூரை கிடையாது. பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை. பதினாறரை அடிக்கு மேல் நீளம். நம்ம அம்பாஸடரை விட இரண்டு அடிக்கும் மேல் ஜாஸ்தி!

டிரைவரே கதவைத் திறந்துவிட, மகாராஜா தோரணையில் ஏறினேன். மலேகோன் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேர சவாரி. வி-8 இன்ஜின் சும்மா உறுமுகிறது.

"பெட்ரோலை ரொம்பக் குடிக்குது சார். டூரிஸ்ட் வந்தாத்தான் வெளியே எடுப்பேன்" என்றார், பாதி இங்கிலீஷிலும் பாதி சைகையிலும். இறங்கும்போது என் பர்ஸ் இளைத்திருந்தது.

தங்கியிருந்த வெடாடோ பகுதிக்குத் திரும்ப, உள்ளூர்க்காரர்கள் கை காட்டி ஏறும் ஷேர் டாக்ஸிதான் கட்டுப்படியாகும். அதற்கு 'அல்மென்ட்ரோன்' என்று பெயர். பெரிய பாதாம்பருப்பு என்று அர்த்தம். உருண்டை உடம்புக்கு வைத்த பட்டப்பெயர்!

எனக்கு வாய்த்தது 1956 ஃபோர்டு ஃபேர்லேன். கிட்டத்தட்ட அதே நீளம். ஆனால் பிரஷ்ஷால் அடித்த பெயின்ட். உள்ளே மாற்றிப் போட்ட டீசல் இன்ஜின், தடதடவென்று. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர்.

பழக்கதோஷத்தில் கதவைப் 'படார்' என்று சாத்தினேன். காருக்குள் கப்சிப். டிரைவர் இறங்கி வந்து கதவுக் கீலைத் தடவிப் பார்த்தார். கீழே விழுந்த குழந்தையின் முழங்காலைத் தடவிப் பார்ப்போமே, அப்படி!

பக்கத்து சீட் இளைஞர் விளக்கினார். 1959-ல் புரட்சி. 1962-ல் அமெரிக்காவின் முழு வர்த்தகத் தடை. ஸ்பேர் பார்ட்ஸ் வரத்து கட். கீல் உடைந்தால் பட்டறையில் அடித்துத்தான் செய்ய வேண்டும். 2011 வரை, புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டும்தான் இஷ்டப்படி வாங்கவும் விற்கவும் முடிந்ததாம்.

"இவங்க தாத்தா வாங்கின கார் சார். வீட்டு அரிசி, பொண்ணு படிப்பு எல்லாம் இதுலதான் ஓடுது. ரெண்டு நாள் பட்டறையில நின்னா அடுப்பு எரியாது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டில் எது நல்ல கார்? போட்டோ எடுக்க பெல் ஏர். ஒரு குடும்பத்தையே சுமக்க ஃபேர்லேன்.

இறங்கியதும் கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் சாத்தினேன். டிரைவர் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினார். ஹவானாவில் நான் வாங்கிய ஒரே சர்ட்டிஃபிகேட் அதுதான்!